ஒரே ‘பேக்’, நான்கு சொற்கள்

ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரின் ஆங்கிலப் பாடநூலைத் திறந்து பாருங்கள். அச்சிட்ட வரிகளுக்கு மேலே பென்சிலால் எழுதிய தமிழ் வரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நம் பள்ளிகளில் பணியாற்றும் எவருக்கும் இது புதிய காட்சி அல்ல. “மேலே தமிழில் எழுதாதீங்க” என்று பல ஆண்டுகள் நானும் சொல்லிவந்தேன். ரப்பரையும் கையில் கொடுத்தேன். மறுநாள் அந்த வரி மறுபடி முளைத்திருக்கும்.

ஒருமுறை, அழிக்கச் சொல்வதற்குப் பதிலாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அது ஒரு மாணவியின் புத்தகம். அடுத்தடுத்த பாடங்களில் நான்கு ஆங்கிலச் சொற்களுக்கு மேல் அவள் ‘பேக்’ என்றே எழுதியிருந்தாள். ஒன்று தோளில் மாட்டும் பை. ஒன்று முதுகு. ஒன்று மூட்டை கட்டுவது. நான்காவது, ரொட்டியை அடுப்பில் வேகவைப்பது. ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் நான்கு ஒலிப்பு. அவள் பென்சிலில் ஒன்றே ஒன்று.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “டீச்சர், நாலும் ஒண்ணுதானே? நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க?” என்றாள்.

அன்று இரவு அந்த நான்கு சொற்களையும் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கேட்டேன். எது பை, எது முதுகு என்று எனக்கே பிரித்துத் தெரியவில்லை. நானோ பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறவள்.

அந்தப் புத்தகத்தை நான் ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய வாரம் அவளை எழுப்பி ஒரு வரி வாசிக்கச் சொன்னேன். ‘பையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்’ என்ற பொருள் வரும் வரி. “ஐ பேக்கெடு மை பேக்கு அண்டு கேம் பேக்கு” என்றாள். நம் ஊரில் ‘பேக்கு’ என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று மாலைக்குள் ‘பேக்கு’ அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அடுத்த நாள் வாசிக்கச் சொன்னபோது எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

அவளை மறுபடி வாசிக்கவைக்க வேண்டும் என்றுதான் நான் ஒலியியலின் அடிப்படைகளைப் படிக்க ஆரம்பித்தேன். முன்பு ஒரு பயிற்சியில் ஒலிக்குறியீட்டு அட்டவணை கொடுத்தார்கள். அதைப் பார்த்து எழுதி, கோப்பில் வைத்து மூடியதோடு சரி. இந்த முறை ‘பேக்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

எழுத்து வேறு, ஒலி வேறு

ஆங்கிலத்துக்கு எழுத்துகள் 26. ஒலிகளோ, பிரிட்டிஷ் உச்சரிப்பை வைத்து வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 44. உயிரொலி 20, மெய்யொலி 24. ஐந்தே உயிரெழுத்துகளால் இருபது உயிரொலிகளையும் எழுதியாக வேண்டும். அதனால்தான் ‘ஏ’ என்ற ஒரே எழுத்து ‘கேக்’கில் ஒரு மாதிரியும், ‘கார்’ என்பதில் ஒரு மாதிரியும், பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது. இதில் வரலாறும் கலந்திருக்கிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் அமைத்த பிறகு எழுத்துமுறை மெல்ல மெல்ல நிலைபெற்றுவிட்டது, பேச்சு மாறிக்கொண்டே போனது. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் இன்று சும்மா நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலிக்கப்பட்டது.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை என்றுதான் நாம் பெருமையாகச் சொல்வோம். முழுக்க அப்படியும் இல்லை. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால் நமக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இடம் முடிவு செய்யாது. ஒலிதான் பொருளை மாற்றும். அந்த மாணவி செய்த ‘தவறு’ என்பது இவ்வளவுதான். நான்கு சொற்களைப் பிரித்து எழுத அவளிடம் இருந்த எழுத்தில் இடமில்லை.

இந்த இடத்தில் தமிழாசிரியர்கள்தான் நமக்குத் துணை. ஒலி எங்கே பிறக்கிறது, நாக்கும் உதடும் என்ன செய்கின்றன என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஒரு தனி இயலாகவே வைத்திருக்கிறார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்கள். ஆங்கில ஒலியியல் நூலின் முதல் அத்தியாயத்தில் வரும் படமும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். பத்தாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்த நான், ஆங்கில வகுப்பில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

முதல் ஒலி

பென்சிலுக்கு முதலெழுத்து ‘பி’. பலூனுக்கு முதலெழுத்தும் ‘பி’. எழுத்தின் பெயரைக்கூடத் தமிழில் பிரித்து எழுத முடியவில்லை! அதனால் என் வகுப்பில் ஒன்றுக்குப் ‘பென்சில் பி’ என்றும் மற்றதற்குப் ‘பலூன் பி’ என்றும் பெயர் வைத்தோம். முதுகுக்கும் பைக்கும் ரொட்டிக்கும் பலூன் பி. மூட்டை கட்டுவதற்குப் பென்சில் பி.

குழந்தைகளால் இதைப் பிரிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். ‘பாட்டு’ என்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு ‘பாட்டில்’. முதல் எழுத்து ஒன்றுதான், ஆனால் எந்தக் குழந்தையும் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதில்லை. இரக்கப்படும்போது சொல்கிற ‘பாவம்’ வேறு, நாட்டியத்தில் முகத்தில் காட்டுகிற ‘பாவம்’ வேறு. வாய்க்கு ஏற்கெனவே தெரியும். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போதுதான் அது மறந்துபோகிறது.

பலூன் பி வராத குழந்தைக்கு ‘கம்பு’ என்று சொல்லக் கொடுங்கள். மகரத்துக்குப் பின்னால் வரும் பகரம் தானாகவே பலூன் பி ஆகிவிடும். அடுத்து, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகவிட்டு, அந்த முனகலிலிருந்தே சொல்லைத் திறக்கச் சொல்லுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். நாலைந்து முறைக்குப் பிறகு முனகலை மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

பென்சில் பியில் சிக்கல் வேறு. அது நம் பகரம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆங்கிலேயர் அழுத்தமுள்ள அசையின் தொடக்கத்தில் அதைச் சொல்லும்போது உதடு திறந்ததும் சிறு மூச்சு ஒன்று வெடித்து வெளியேறும். நம் ‘பல்’லிலும் ‘பால்’லிலும் அந்த மூச்சு இல்லை. மூச்சு இல்லாததால், நாம் சரியாகத்தான் சொன்னோம் என்று நினைக்கும்போதும், அவர்கள் காதில் அது பலூன் பியாக விழலாம். ஊசியைக் குறிக்கும் ‘பின்’ குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ‘பின்’ ஆகிவிடும். டீக்கும் காஃபிக்கும் முதலில் வரும் ஒலிகளுக்கும் இதே கதைதான்.

இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பென்சில் பியைச் சொன்னால் காகிதம் ஆட வேண்டும். பலூன் பிக்கு ஆடக் கூடாது. மெழுகுவத்திச் சுடரை வைத்தும் செய்யலாம் என்பார்கள். முப்பத்தைந்து குழந்தைகள் உள்ள அறையில் எனக்குத் துணிச்சல் வரவில்லை. காகிதத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன் “டீச்சர், ஸ்பூனுக்கு மட்டும் ஆட மாட்டேங்குது” என்று வந்து நின்றான். ஸகரத்தை அடுத்து வரும்போது ஆங்கிலத்திலும் அந்த மூச்சு இல்லை. நூலில் நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த விதி அது. அவன் நூல் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டான்.

நடு ஒலி

‘பேக்’கின் நடுவில் வரும் உயிர்தான் இருப்பதிலேயே கடினம். பை, முதுகு, மூட்டை கட்டுவது ஆகிய மூன்றிலும் வருவது தமிழில் இல்லாத ஓர் ஒலி. எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் நிற்கிறது. சிலர் அதை ஏகாரமாக்கி ‘பேக்’ என்கிறார்கள், சிலர் ‘பாக்’ பக்கம் போகிறார்கள், சிலர் ‘பியாக்’ என்று யகரத்தைச் சேர்க்கிறார்கள். விளக்கம் எதுவும் என் வகுப்பில் எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஆடு. ஆடு கத்துவது போலக் கத்துங்கள் என்றேன். தாடையைத் தொங்கவிட்டு, வாயை அகலத் திறந்து, ஒரு மந்தையே கத்தியது. அந்தக் கத்தலில் உள்ள உயிரைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெய்யைச் சேர்த்தால் சொல் வந்துவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ரொட்டிக்கான சொல்லில் வருவது எகரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி நகரும் ஈரொலி. ‘மழை பெய்’ என்கிறோமே, அந்தப் ‘பெய்’யின் முன்னே பலூன் பியும் பின்னே ககர மெய்யும் வைத்தால் போதும். நம் வழக்கம்போல நேரான ஏகாரமாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரியும். ஆட்டு ஒலியை அதிலிருந்து பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஓர் இடத்தில் நம் குழந்தைகள் முன்னால் நிற்கிறார்கள். கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’, ‘ஃபுல்’, ‘ஃபூல்’ என்ற வேறுபாடுகள் உலகில் பல மொழிக்காரர்களுக்குப் பெரும் பாடு. குறில் நெடிலை ஒன்றாம் வகுப்பிலேயே கற்ற நம் குழந்தைக்கு அது ஒன்றுமே இல்லை. வெறும் நீளம் மட்டுமல்ல, நாக்கின் நிலையும் அவற்றில் சற்று மாறும்; இருந்தாலும் புரியவைக்க நீளமே போதும். இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கில வகுப்பில் தமக்கு ஒன்று எளிது என்று கேட்கிற வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

இறுதி ஒலி

இப்போது அந்தப் ‘பேக்கு’வுக்கு வருகிறேன். தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் முடியலாம் என்று நன்னூல் 24 எழுத்துகளைப் பட்டியல் போடுகிறது. அதில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. வல்லினத்தில் முடிகிற வேற்றுமொழிச் சொல் நம் வாய்க்கு வந்தால், பின்னால் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துத்தான் அதை உள்ளே விடுவோம். கப்பு, புக்கு, செக்கு, பல்பு எல்லாம் அப்படி வந்தவை. ஆக, அந்தப் பெண் அறியாமையால் உளறவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் அவள் வாயில் தன் வேலையைச் செய்தது.

இதை வகுப்பில் சொன்னேன். ஒவ்வொருவரையும் ‘கப்’, ‘பஸ்’, ‘புக்’ சொல்லச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டோம். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் வாயிலும் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. என் வாயிலும்தான். அதையும் சொன்னேன், அன்று சிரித்தது தவறு என்பதையும் சொன்னேன். அந்த மாணவி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பட்டப்பெயர் அந்த வாரத்தோடு மெல்லக் குறைந்தது.

உகரத்தை விலக்க ஒரு வழி உண்டு. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், முந்தைய சொல்லின் மெய்யை அதோடு சேர்த்துவிடுவது. ‘பேக் அண்ட்’ என்பது ‘பேக்கண்ட்’ ஆகும். புணர்ச்சி தெரிந்த நமக்கு இது புதிதா என்ன? அடுத்து மெய் வந்தால், நாக்கை இறுதி மெய்யின் இடத்தில் நிறுத்தி, திறக்காமல் அப்படியே அடுத்ததற்குப் போகலாம்.

பைக்கும் முதுகுக்கும் கடைசி ஒலிதான் வேறுபாடு. பையின் முடிவில் ‘தங்க’த்தில் வரும் ககரம். முதுகின் முடிவில் ‘பக்க’த்தில் வரும் ககரம். ஆனால் சொல்லின் முடிவில் இந்த வேறுபாடு காதுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆங்கிலேயர் காது பெரும்பாலும் பிடித்துக்கொள்வது அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தை. பையில் ஆட்டு ஒலியை நீட்டுங்கள், முதுகில் வெட்டுங்கள். என் கைப்பேசிப் பதிவில் இரண்டும் ஒன்றாகக் கேட்டது இதனால்தான். நான் இரண்டையும் ஒரே அளவில் சொல்லியிருந்தேன்.

அவள் ‘பேக்கெடு’ என்று வாசித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தகால விகுதியை எழுத்துக்கூட்டி ‘எட்’ என்று வாசிப்பது நம்மில் பெரியவர்களிடமும் உண்டு. அந்த விகுதிக்கு மூன்று ஒலி. தொண்டை அதிராத ஒலியில் வினை முடிந்தால் அதிராத டகர மெய் மட்டும்: பேக்ட், வாக்ட், வாஷ்ட். அதிரும் ஒலியில் முடிந்தால் ‘வண்டி’யில் வருவது போன்ற டகரம்: ப்ளேய்ட், கால்ட். வினை ஏற்கெனவே டகரத்தில் முடிந்தால்தான் தனி அசையாக ‘இட்’: வாண்டிட், நீடிட். பன்மைக்கு வரும் ஸகரமும் இதே போல மூன்றாகப் பிரியும்.

எதை விட்டுவிடலாம்

எல்லாவற்றையும் திருத்தப் போனால் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது. நம் பிள்ளைகளை லண்டன் வானொலி அறிவிப்பாளர் ஆக்குவது நம் வேலையும் அல்ல. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்தப் பிழை புரிதலைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தார். ‘தேங்க்ஸ்’ என்பதன் முதலில் வரும் ஒலிக்காக நாக்கைப் பல்லிடுக்கில் நீட்ட வைத்துப் பாடுபடுகிறோமே, அதை அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. நம் தகரம் அங்கே நன்றாகவே போதும். ‘கார்’ என்பதன் ரகரத்தை நாம் ஒலிக்கிறோம், அமெரிக்கர்களும் ஒலிக்கிறார்கள். ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்வது கேட்கச் சற்று ஒரு மாதிரி இருந்தாலும் சொல் புரிந்துவிடும். சேர்ப்பதைவிட விழுங்குவதுதான் ஆபத்து. ‘டெக்ஸ்ட்’ என்பது ‘டெஸ்’ ஆனால் யாருக்கும் புரியாது.

விடக் கூடாதவை என்று நான் வைத்திருப்பது சிறு பட்டியல். ஃபகரம் அதில் ஒன்று. ‘தலைக்கு மேலே பேன் சுத்துது’ என்ற பழைய நகைச்சுவை நமக்குத் தெரியும். ஃபகரம் வராதவரிடம் வகரம் சொல்லச் சொல்லுங்கள். மேற்பல் கீழுதட்டைத் தொடும். நன்னூல் வகரத்துக்குச் சொல்லும் இடமும் அதுவே. அந்த நிலையில் குரலை நிறுத்திவிட்டு வெறும் காற்றை ஊதினால் ஃபகரம். மிருகக்காட்சிசாலையைக் குறிக்கும் சொல்லை ‘ஜூ’ என்கிறோம். பாம்பு போல ‘ஸ்ஸ்’ என்று ஆரம்பித்து, அதிலேயே குரலைச் சேர்த்தால் வண்டு ரீங்காரம் வரும். அந்த ரீங்காரம்தான் தேவையான ஒலி. மேற்குத் திசையைச் சொல்லும்போது உதட்டை உகரத்துக்குக் குவித்துத் தொடங்கினால், அது உள்சட்டையாகிவிடாமல் தப்பிக்கும்.

இவற்றைவிடவும் பெரிது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை எழுந்து நிற்கும், மற்றவை சுருங்கிப்போகும். வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’வில் ‘ஏ’ எழுத்து மூன்று முறை வருகிறது; நடுவில் உள்ளது மட்டும் முழு ஆகாரம், மற்ற இரண்டும் மங்கலான ஓர் அகரம். தன் இயல்பான அளவில் குறுகி ஒலிக்கும் உயிர் நமக்குக் குற்றியலுகரத்தில் பழக்கமானதுதான். ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசைக்கு அழுத்தம், அதுவே ‘ஃபடாக்ரஃபி’ ஆனால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு இடம்பெயர்ந்து, முதல் அசை சுருங்கிவிடும். வகுப்பில் மேசையைத் தட்டித்தான் இதைக் கற்பிக்கிறேன்: ஓங்கி ஒரு தட்டு, மற்றதெல்லாம் விரல் நுனியால்.

ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். 1886இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் உருவாக்கிய பன்னாட்டு ஒலிக்குறியீடுகளும், டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் வழிவந்த முறையும்தான் இன்றைய அகராதிகளில் இருக்கின்றன. அழுத்தமுள்ள அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நிமிர்கோடு இருக்கும். குறைந்தது அந்தக் கோட்டையாவது ஆசிரியர் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்குக் குறியீட்டு அட்டவணை வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கு இணைய அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்கவைத்தால் போதும்.

எங்கள் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் கேட்பதற்கு மட்டும். ஒருவர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். பின்னாலிருந்து ஒருவர் நான்கு சொற்களில் ஒன்றைச் சொல்வார். பையா, முதுகா, மூட்டையா, ரொட்டியா என்று திரும்பி நிற்பவர் தமிழில் சொல்ல வேண்டும். வாயைத் திருத்துவதற்கு முன் காதைப் பழக்குவது என்று நான் எங்கோ படித்த கருத்து. செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன். முதலில் திரும்பி நிற்கும் வேலையை அந்த மாணவிக்குக் கொடுத்தேன். அதற்கு ஆங்கிலம் பேச வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது வாரத்தில் அவள் காது என் காதைவிடக் கூர்மையாகிவிட்டது. “டீச்சர், நீங்க முதுகுன்னு சொல்ல வந்து பைன்னு சொல்லிட்டீங்க” என்று என்னையே திருத்தினாள். அதற்கும் இரண்டு வாரம் கழித்து, யாரும் கூப்பிடாமலே எழுந்து ஒரு பத்தி வாசித்தாள். இரண்டு இடத்தில் உகரம் ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை. நான் திருத்தவும் இல்லை.

ஆண்டு முடிவில் அவள் புத்தகத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பென்சில் வரி அப்படியே இருந்தது. ஆனால் ‘பேக்’குகள் ஒன்று போல இல்லை. பலூன் பி வரும் இடத்தில் பகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி. முடிவில் தங்கத்தின் ககரம் வந்தால் அதற்கும் ஒரு புள்ளி. ரொட்டிக்கு மேல் ‘பெய்க்’. மற்ற மூன்றுக்கும் மேலே, நடுவில், கொம்பு முளைத்த ஒரு சின்ன ஆட்டுத் தலை.